வாசகர் கேள்வி: அப்பத்தா பெயரா, புதுப் பெயரா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. திருமணமாகிப் பெங்களூரில் இருக்கிறோம். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருந்தபோது எங்களுக்கு முதல் பெண் குழந்தை பிறந்தது. இப்போது நாற்பது நாள் ஆகிறது. எங்கள் வழக்கப்படி மாமியாரின் பெயரான ‘சிகப்பி’ என்பதையே வைக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். மறுப்பவர் அவருடைய ஒரே மகனான என் கணவர்தான். அவருக்கு இருப்பது அவருடைய அப்பாவைப் பெற்ற ஐயாவின் நீண்ட பெயர். பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஆசிரியர் அதைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரிப்பாராம். இன்றும் அலுவலகத்தில் முதல் இரண்டு எழுத்தை மட்டுமே சொல்லிக்கொள்கிறார். “நான் பட்டது போதும், ஆதிரா என்று வைப்போம்” என்கிறார். மாமியாரைக் கேட்டால், “உங்க இஷ்டம் ஆத்தா” என்று முடித்துக்கொண்டார். ஆனால் மறுநாள் சாமான் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், “எம் பேரு வெட்டுன பாத்திரமெல்லாம் சும்மா கெடக்கு” என்று தமக்குள் சொன்னது என் காதில் விழுந்தது. நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: மாமியார் பெயரை வைக்கச் சொல்லிக் கணவர் வற்புறுத்துகிறார், என்னால் முடியாது என்றுதான் மருமகள்கள் வழக்கமாக எழுதுவார்கள். உங்கள் வீட்டில் அது தலைகீழாக நடக்கிறது. அதனாலேயே உங்கள் கணவரின் மறுப்பைப் பெரியவர்களை மதிக்காத குணம் என்று யாரும் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அந்த வழக்கத்தின்படி பெயர் சுமந்தவர் அவர். நீங்கள் அதை வெளியிலிருந்து பார்த்து ரசிக்கிறீர்கள்.

மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டனாரின் பெயர், மூத்த மகளுக்கு அப்பத்தாவின் பெயர், இளையவளுக்கு அம்மாவைப் பெற்ற ஆயாவின் பெயர் என்பது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் ஒழுங்கு. கானாடுகாத்தானில் பிறந்து, 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் தந்தை பெயர் முத்தையா. 1905-இல் பிறந்த அவருடைய மகன் பெயரும் முத்தையா. ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வந்ததால், ஒரே தெருவில் நான்கு சிதம்பரமும் ஐந்து மீனாட்சியும் இருப்பது சாதாரணம். அவர்களைப் பிரித்துக் காட்டத்தான் பெயருக்கு முன்னால் அத்தனை தலைப்பெழுத்துகள் சேர்ந்தன. கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன பர்மாவிலும் மலேயாவிலும் அந்த எழுத்துகளே கடையின் விலாசமாக நின்று ஆளை அடையாளம் காட்டின. தெருவெல்லாம் சிகப்பியாக இருந்த ஊரில் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். பெங்களூரில் ஒரு வகுப்பறையில் அந்தப் பெயர் உங்கள் மகள் ஒருத்திக்கு மட்டுமே இருக்கும். உங்கள் கணவருக்குத் தம் தாயின் பெயர் மேல் வெறுப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அந்த வகுப்பறையில் தனித்து நின்ற நினைவுதான் அவரைத் தடுக்கிறது. “அந்தக் காலம் மாறிவிட்டது, இப்போது பழைய பெயர்தான் நாகரிகம்” என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முயல வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும், பட்டவருக்கு அது பதில் ஆகாது.

அதே சமயம், ஒரு பிள்ளைக்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் பழைய வழக்கம் ஒருபோதும் சொன்னதில்லை. மாமனார், மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று இருந்த வீடுகளில், அந்தப் பெயரையே தாங்கிய தன் பிள்ளையை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? அதனால் ஏட்டில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயருமாகப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். தமிழறிஞர் வ. சுப. மாணிக்கத்தின் இயற்பெயர் அண்ணாமலை. மாணிக்கம் என்பது அழைத்த பெயர், கடைசியில் அதுவே நிலைத்தது. 1927-இல் சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்தவர், சுவீகாரம் போன வீட்டில் நாராயணனாகி, நமக்குக் கண்ணதாசனாகக் கிடைத்தார். மூன்று பெயரில் எதுவும் அவருக்குக் குறையாக இருந்ததில்லை.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கணவர் மனம் ஒப்பாதவரை பதிவேட்டில் ‘சிகப்பி’ வேண்டாம். முன்பு முன்னோர் பெயர் ஏட்டிலும் செல்லப் பெயர் வாயிலும் இருந்தன. நீங்கள் அதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். பெயர் சூட்டும் நாளில் உங்கள் மாமியாரையே குழந்தையின் காதில் ‘சிகப்பி’ என்று சொல்லச் செய்யுங்கள். வீட்டில் எல்லோரும் அப்படியே கூப்பிடுங்கள், கணவர் உட்பட. இதற்கு அவர் மறுப்புச் சொல்ல மாட்டார் என்றே நினைக்கிறேன். ‘சிகப்பி ஆதிரா’ என்று இரண்டையும் ஒட்டிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. பள்ளியில் சேர்த்த முதல் வாரத்திலேயே இரண்டில் ஒன்று தலைப்பெழுத்தாகச் சுருங்கிவிடும். எது சுருங்கும் என்று உங்களுக்கும் தெரியும்.

ஏட்டுப் பெயர் ‘ஆதிரா’வாக இருந்தால் ஊரோடு உறவு விட்டுப்போகும் என்று நீங்கள் நினைத்தால், கணவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அதை ‘ஆதிரை’ என்று வைக்கலாமா? மணிமேகலை ஏந்திய அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் அந்தப் பெயருக்குரியவள். நம் பக்கத்தில் மார்கழித் திருவாதிரையன்று பெண் குழந்தைகளுக்குத் திருவாதிரைப் புதுமை என்னும் சடங்கைக் கொண்டாடுகிறோம். ஓர் எழுத்து மாறுவதால் அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை. உங்களுக்கோ பழைய பெயர் ஒன்று கிடைத்துவிடுகிறது. வகுப்பறையில் கூப்பிடவும் எளிது.

இனி உங்கள் மாமியார். “உங்க இஷ்டம்” என்று சொன்னவர், பாத்திரங்களைப் பற்றியும் சொல்லியிருக்கிறார் அல்லவா? அவருடைய உண்மையான பதில் இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் மகன் அதைக் கேட்டிருக்கிறாரா? இல்லையென்றால் நீங்கள் தூது போக வேண்டாம். தாயும் மகனும் நேராகப் பேசட்டும். பள்ளியில் நடந்தவற்றை மகன் இதுவரை தாயிடம் சொன்னதே இல்லை என்றாலும் வியப்பில்லை. பேசிய பிறகு அவராகவே ‘சிகப்பி’ என்று பதிவு செய்யச் சம்மதித்தால் அதைவிட நல்லது வேறில்லை.

அவசரப்படவும் வேண்டாம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டுமே தவிர, பெயரையும் அப்போதே எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும், பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள் ஆகும் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க இடமுண்டு. குழந்தை பிறந்த ஊரின் பதிவாளரிடம்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதால், பெங்களூருக்குப் புறப்படும் முன் முடிவெடுத்தால் அலைச்சல் மிச்சம். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதையும் இருவரும் உட்கார்ந்து தீர்மானித்து, இருவருமாகப் போய் எழுதிக் கொடுங்கள். ஒருவர் ஊரில் இல்லாத நேரத்தில் மற்றவர் பதிவு செய்துவிடுவது மட்டும் கூடவே கூடாது. அது என்ன மனக்கசப்பில் முடியும் என்பதற்கு அடுத்த கடிதமே சாட்சி.

கேள்வி: மூத்த பேரனுக்கு என் பெயர்தான் வைக்க வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் மகன் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயரைப் பதிந்துவிட்டு வந்துவிட்டான். எல்லாம் மருமகளின் வேலை. பதிவை மாற்ற வழி உண்டா?
– வாசகர், காரைக்குடி

பதில்: எழுத்துப் பிழை இருந்தால் சான்று காட்டித் திருத்தலாம். பதிந்த பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரை எழுதுவது அவ்வளவு எளிதல்ல. பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிடும் வழி இருக்கிறது, ஆனால் அதற்கும் குழந்தையின் பெற்றோர்தான் விண்ணப்பிக்க வேண்டும், தாத்தாவால் முடியாது. 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம் என்பதால், அதில் ஒரு பெயரும் மற்றவற்றில் வேறு பெயருமாக இருந்தால் பின்னால் அவதிப்படப் போவது உங்கள் பேரன்தான். வீட்டில் அவனை உங்கள் பெயரால் கூப்பிட எந்த அலுவலகத்தின் அனுமதியும் தேவையில்லை. ஆனால் மருமகளிடம் கோபத்தைக் காட்ட வேண்டாம்; நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்தவர் உங்கள் மகன்.