அந்தப் பெண் ஏன் பதில் பேசவில்லை?

அன்புள்ள சார்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு பாட்டுப் போட்டி பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. சின்ன ஊரிலிருந்து வந்த பெண், 13 வயது. ஆண் குரலில் வந்த ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாடினாள். முடித்ததும் நடுவர் ஒருவர், "யார்கிட்டம்மா கத்துக்கிட்டே?" என்று கேட்டார். "யார்கிட்டயும் இல்ல சார், போன்ல கேட்டுக் கேட்டுத்தான்" என்றாள். மூன்று நடுவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "அதான் தெரியுதே" என்று இன்னொருவர் சொல்ல, அதற்கு ஒரு காமெடி சத்தம் வேறு போட்டார்கள். அடுத்து வந்த பையன் இரண்டு இடத்தில் வரியையே மறந்தான். அவனுக்கு மட்டும் "நல்ல பயிற்சி, கொஞ்சம் டென்ஷன், அவ்வளவுதான்" என்று தட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பெண் "தேங்க் யூ சார்" சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் அப்பா கைகூப்பிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் சார் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை? பெற்ற அப்பனுக்கு ரோஷம் வேண்டாமா? என் தங்கை மகளை அடுத்த ஆடிஷனுக்கு அனுப்பலாம் என்று இருந்தோம். இப்போது யோசனையாக இருக்கிறது.

செ., கரூர்

அன்புள்ள செ.,

நீங்கள் சொன்ன பகுதியைத் தேடி எடுத்து இரண்டு முறை பார்த்தேன். முதலில் அந்த அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் கும்பிடும்போது கவனித்தீர்களா, மகளுடைய தண்ணீர் பாட்டில் அந்த இரண்டு கைக்கும் நடுவில் இருக்கிறது, அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. தான் வாயைத் திறந்தால் பிள்ளையின் வாய்ப்பு போய்விடும் என்று பயப்படுகிற மனுஷன் வேறு எப்படிச் சிரிப்பார்? தலைமையாசிரியர் அறையிலும் பெரிய டாக்டர் முன்னாலும் நம் அப்பாக்கள் சிரித்த சிரிப்புதான் அது.

அந்தப் பெண்ணுக்கு மார்க் குறைந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. போட்டி என்றால் ஒருவர் தோற்கத்தான் வேண்டும், நடுவர் காதும் சில நாள் தவறும். ஆனால் அங்கே பாட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே. யாரிடம் கற்றாள் என்பதுதான் பேச்சாக இருந்தது. குரு இல்லை என்பதை ஒரு குற்றம் போல அவள் வாயாலேயே சொல்ல வைத்து, அதற்குச் சிரித்து, அந்தச் சிரிப்புக்கு ஒரு சத்தமும் சேர்த்து ஒளிபரப்பினார்கள். அந்தச் சத்தம் அரங்கில் வந்ததல்ல, பிறகு எடிட்டிங்கில் யாரோ உட்கார்ந்து போட்டது. அதாவது, அந்தச் சிரிப்பை வெட்டி எறியவும் அவர்களுக்கு நேரம் இருந்தது. இதையெல்லாம் சொல்பவர் கையில் மைக் இருக்கிறது, கேட்பவளுக்கோ திருப்பிச் சொல்ல இடமே இல்லை. எனக்குப் பெரிய அநியாயமாகப் படுவது இதுதான்.

பதில் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அமெரிக்கன் ஐடல் என்ற அமெரிக்க டிவி பாட்டுப் போட்டியின் 5-வது சீசன், 2006. மண்டிசா என்ற பாடகி சிகாகோ ஆடிஷனில் பாடித் தேர்வாகி வெளியே போனதும், அவர் இல்லாத நேரத்தில், இந்த வருஷம் மேடையைப் பெரிதாகப் போட வேண்டுமோ என்கிற மாதிரி அவர் உடம்பைக் கிண்டல் செய்தார் நடுவர் சைமன் கோவல். அதுவும் ஒளிபரப்பானது. சில வாரம் கழித்து, அடுத்த சுற்றுக்கு யார் யார் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்ன அன்று, மண்டிசா நேராக அவரைப் பார்த்துப் பேசினார். நீங்கள் சொன்னது என்னைக் காயப்படுத்தியது, நான் அழுதேன், ஆனாலும் உங்களை மன்னித்துவிட்டேன், மன்னிப்பதற்கு நீங்கள் வந்து கேட்க வேண்டும் என்றுகூட இல்லை என்றார். கோவல் தன் நடத்தைக்கு வருந்தி, அவரைக் கட்டிக்கொண்டார். மண்டிசா அந்த சீசனில் 9-வது இடத்தில் வெளியேறினார், 2014-ல் கிராமி விருது வாங்கினார், 2024-ல் 47 வயதில் இறந்துபோனார். இறந்த செய்தி வந்த அன்று அந்தக் காட்சியை மறுபடி பார்த்தேன். அவர் குரல் ஒரு இடத்திலும் உயரவில்லை.

ஆனால் செ., அப்போது அவருக்கு 29 வயது. ஏற்கனவே மற்றவர்களுக்குப் பின்னணிக் குரல் பாடிப் பிழைத்தவர், மேடை பழகியவர். நம் பெண்ணுக்கு 13. அவளிடம் போய் ஏன் பேசவில்லை என்று கேட்க முடியுமா?

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அது நடனப் போட்டி, 2008-ல் கொல்கத்தாவில் நடந்தது. 16 வயதுப் பெண்ணை நடுவர்கள் கடுமையாகப் பேசினார்கள். அதற்குப் பிறகு அவள் மனம் ஒடிந்து, பேச்சு நின்று, கைகால் அசைவும் போய், பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை வரை கொண்டுவந்து வைத்தியம் பார்த்தார்கள். நடுவர்கள் பேசியதுதான் காரணம் என்று பெற்றோர் சொன்னார்கள். அது மட்டுமே காரணமா என்று தீர்ப்புச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தச் செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது, மத்திய அமைச்சர் வரை போனது, பிறகு தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ரியாலிட்டி ஷோக்களுக்கு வழிகாட்டு நெறிகளே கொண்டுவந்தது. பிள்ளைகளைக் கேலி செய்யக்கூடாது, அவமானப்படுத்தக்கூடாது என்று அதில் இருக்கிறது. 2017-ன் குழந்தைத் தொழிலாளர் விதிகளும் உண்டு: ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நிறுத்தக்கூடாது, வருமானத்தில் 20 சதவீதம் பிள்ளை பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். மணிக்கணக்குக்கும் பணத்துக்கும் விதி இருக்கிறது, சரி. "அதான் தெரியுதே" என்ற இரண்டு வார்த்தையை எந்த அதிகாரி வந்து அளப்பார்?

என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன் ஒரு பள்ளி ஆண்டுவிழாப் பாட்டுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன், மகரக்கட்டு உடைகிற பருவம், மேலே போகும்போது குரல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "தொண்டை இன்னும் ரெடியாகலையே தம்பி, அடுத்த வருஷம் வா" என்று மைக்கில் சொன்னேன். அக்கறையாகத்தான் சொன்னதாக நினைத்தேன். ஹால் முழுக்கச் சிரித்தது. அவன் இறங்கவே இல்லை, மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான், காது மடல் இரண்டும் சிவந்துவிட்டது, பாட்டு டீச்சர் மேடையேறி விரல் விரலாக எடுத்துவிட்டு அழைத்துப் போனார். அதையே இறங்கிப் போய் அவன் காதோடு சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து மேடையில் மார்க் மட்டும்தான் சொல்கிறேன், மற்றதெல்லாம் தனியாகக் கூப்பிட்டு.

உங்கள் தங்கை மகளை அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் ஆசைப்பட்டால் அனுப்புங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தை வீட்டில் ஒருவர் முழுக்கப் படிக்க வேண்டும். பேசியதை எப்படியும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்கிற வரி அதில் இருந்தால், அதன் அர்த்தம் என்ன என்று அவளுக்கும் சொல்லுங்கள். யார் கேட்டாலும் "எங்க வீட்ல போன்ல கேட்டுத்தான் கத்துக்கிட்டேன்" என்று தலை நிமிர்ந்து சொல்லப் பழக்குங்கள். அப்புறம், போன ஞாயிறு நடந்ததற்குச் சேனலுக்கே எழுத்தில் புகார் அனுப்புங்கள், இன்றைக்கே. 2021-ன் கேபிள் டிவி விதிப்படி 24 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்லி, 15 நாளில் முடிவு சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. நான் அனுப்பிவிட்டேன். என் ஒருவன் கடிதத்தை ஓரமாக வைத்துவிடலாம், கரூரிலிருந்தும் ஒன்று வரட்டும்.

அந்தப் பெண்ணின் பாட்டைப் பற்றி நடுவர்கள் சொல்லாததையும் எழுதிவிடுகிறேன், அவளைத் தெரிந்தவர்கள் யாராவது படித்தால் காட்டுங்கள். பாட்டை ஆண் குரலின் சுருதியிலேயே எடுத்துவிட்டார்கள். அதனால்தான் பல்லவியில் கீழே இறங்கும் இடமெல்லாம் காற்றாகப் போய்விட்டது, அது அவள் குறை இல்லை. சுருதியை மூன்று நாலு கட்டை ஏற்றி வாசித்திருந்தால் குரல் அங்கே நின்றிருக்கும், ஒத்திகையில் வாத்தியக்காரர்களிடம் அவளே கேட்கலாம், கேட்கிற உரிமை உண்டு. மூச்சை வரியின் நடுவில் எடுக்கிறாள், அதைக் கொஞ்சம் பழக வேண்டும். சரணத்தில் இரண்டாவது முறை வரும்போது அதே வரியைக் கொஞ்சம் மாற்றி வளைத்து ஒரு சின்னச் சங்கதி போட்டாள், அது மூலப் பாட்டில் இல்லை, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளுக்கே வந்தது, அதை மட்டும் நான் நாலு தடவை ஓட்டிக் கேட்டேன்.