மருத்துவமனையில் சமூகப் பணியாளருக்கு அப்படி என்ன வேலை?

"என் தங்கை பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளங்கலை) முடித்துவிட்டாள். எம்.எஸ்.டபிள்யூ.வில் (முதுகலையில்) மருத்துவம், மனநலம் பிரிவை எடுக்க நினைக்கிறாள். டாக்டரும் நர்ஸும் இருக்கும் இடத்தில் சமூகப் பணியாளர் எதற்கு? காப்பீட்டு அட்டைக்கு வழி காட்டுவதுதான் வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தென்மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனையில் அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நோயாளிகள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

காப்பீட்டு அட்டை வேலையும் உண்டு. அதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிறது என்று சான்று வேண்டும். அப்பா ஐ.சி.யூ.வில் கிடக்கும்போது கிராமத்துக்குப் போய் வி.ஏ.ஓ.வைத் தேடிக்கொண்டிருக்கும் பையனுக்கு, எந்தக் காகிதம் முதலில், எது அப்புறம் என்று சொல்லிக்கொடுத்தால் அந்தக் குடும்பம் கந்துவட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் தப்பிக்கும்.

ஆனால் எங்கள் வேலையின் நடுப்பகுதி அது இல்லை. சிகிச்சையில் பெரும்பங்கு வார்டுக்கு வெளியேதான் நடக்கிறது. டிஸ்சார்ஜ் ஆனபிறகு இந்த மனிதரால் இதைத் தொடர முடியுமா? முடியாதென்றால் எது தடுக்கிறது? அதைக் கண்டுபிடித்து, தடையை எடுக்கப் பார்ப்பதுதான் வேலை. பிறந்த குழந்தைக்கும் படுத்த படுக்கையான பெரியவருக்கும் நாங்கள் கேட்பது இதையேதான். தடைதான் வயதுக்கு வயது மாறுகிறது.

காசநோயிலிருந்து தொடங்குகிறேன். சாதாரண டி.பி.க்கு ஆறு மாதம் மாத்திரை. இரண்டாவது மாதத்திலேயே இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறிவிடும். மருந்தை விடுகிறவர்களில் பலர் அங்கேதான் விடுகிறார்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஓர் அண்ணன் அப்படி நின்றுபோனார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதப்பட்டிருந்தது. மார்க்கெட்டுக்கே போய்ப் பார்த்தேன். "இல்லம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு லோடு வந்துரும், பத்து மணி வரைக்கும் எறக்கணும். அதுக்கப்புறம் படுத்தா சாயங்காலம்தான்" என்றார். மாத்திரை கொடுக்கும் நேரத்தில் ஒன்று அவர் முதுகில் மூட்டை இருக்கும், இல்லாவிட்டால் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்.

அது பாதிதான். மெல்லப் பேசப் பேச இன்னொன்று வெளியே வந்தது. டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். மச்சான் வீட்டோடு இருக்கிறார், எல்லாருக்கும் ஒரே கழிப்பறை. யாரோ பார்த்துவிட்டு என்னவென்று கேட்டிருக்கிறார்கள். கல்யாண வயதில் மகள் இருக்கிறாள், டி.பி. என்று தெரிந்தால் பெண் கேட்டு யார் வருவார்கள் என்ற பயம். அதை அவர் எந்த டாக்டரிடமும் சொல்லியிருக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை, ஓ.பி.யில் அதற்கு ஏது நேரம்? அவர் சம்மதித்தபிறகு மார்க்கெட் வாசலில் இருக்கும் டீக்கடைக்காரரிடம் பேசினோம். மாத்திரை அங்கே இருக்கும், லோடு இறக்கி முடித்ததும் கடையிலேயே போட்டுக்கொள்வார். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வரவேண்டும் (2024 நவம்பருக்கு முன் அது 500). வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததால் அதுவும் வராமல் இருந்தது. அதைச் சரிசெய்தபிறகு வீட்டில் அவர் மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னோம், அதுவும் அவர் எதிரிலேயே. சிகிச்சையை முடித்துவிட்டார். டாக்டர் எழுதிய மருந்தில் ஒரு மாற்றமும் இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் தடை வேறு மாதிரி. பிறவியிலேயே காது கேட்காத, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையை அரசுக் காப்பீட்டிலேயே செய்கிறார்கள். லட்சக்கணக்கில் ஆகிற சிகிச்சை, கைக்காசு இல்லாமல் நடக்கிறது. ஆனால் அதன்பிறகு குறைந்தது ஒரு வருடம் கேட்கவும் பேசவும் பயிற்சி கொடுத்தால்தான் குழந்தைக்குப் பேச்சு வரும். தாய் வேலைக்குப் போக முடியாது, பஸ் செலவு வேறு. ஒரு வீட்டுக்குப் போனபோது குழந்தை காதில் மாட்டியிருக்கவேண்டிய, கருவியின் வெளிப்பகுதியைக் காணோம். கேட்டால் பாட்டி பீரோவைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த கருவியை எடுத்துக் காட்டினார். "விலை ஒசந்த சாமான், புள்ள ஒடச்சிருவான்னு பத்திரமா வெச்சிருக்கோம் மேடம்." அவ்வளவு அக்கறையாக வைத்திருந்தார். அந்த அக்கறையாலேயே பிள்ளை கேட்காமல் இருந்தான்.

அதே வீட்டில் மருமகள் மீது பெரிய பழி இருந்தது. "எங்க பரம்பரையில யாருக்கும் இப்படி இல்ல." அந்தப் பெண் கட்டியிருப்பதோ தாய்மாமனை. சொந்தத்துக்குள் செய்த கல்யாணத்தில் இப்படி வரும் காது கேளாமை பெரும்பாலும் அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வருவது என்று பாட்டியையும் மகனையும் சேர்த்து உட்காரவைத்து விளக்கினோம். பழி ஒரே நாளில் போய்விடவில்லை. ஆனால் அடுத்தமுறை பயிற்சிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பாவே வந்தார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

பதின்வயதுப் பெண்கள் கர்ப்பமாகி வரும்போது சட்டம் குறுக்கே நிற்கும். 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோவில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆகவேண்டும். அதற்குப் பயந்து போலி மருத்துவரிடம் போய் உயிரைக் கொடுத்த பிள்ளைகள் உண்டு. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பெயர், அடையாளத்தைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை அந்தத் தாய்க்குப் புரியும்படி, குரலை உயர்த்தாமல் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

மனநலத்தைப் பற்றி உங்கள் தங்கைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலி போடுவதை வெளிப்படையாகவே தடை செய்தது. ஆனால் வீட்டில் இன்னும் கட்டிவைக்கிறார்கள் என்றால் அது கொடுமைக்காகச் செய்வதில்லை. பகலில் எல்லாரும் வேலைக்குப் போயாக வேண்டும், பார்த்துக்கொள்ள ஆளில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவரோடு ஒரு சமூகப் பணியாளரும் இருப்பது இதனால்தான். கோயிலுக்கோ தர்காவுக்கோ போகாதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. போகிற இடத்துக்கு மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்பேன்.

முதியவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பெரிய ஆறுதல். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிசியோதெரபியும் வீட்டில் கிடைக்கிறது. ஆனால் அம்மாவை வார்டில் சேர்த்துவிட்டு போனை அணைத்துவிடும் பிள்ளைகள் கதை தனி. பெற்றோரைப் பராமரிக்க 2007-ம் ஆண்டு சட்டம் இருக்கிறது, ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித்தர முடியும். நான் அதை எடுத்தவுடன் சொல்வதில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டைப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒற்றை அறை, இரண்டு குழந்தைகள், மருமகளுக்கும் நூற்பாலை வேலை. படுக்கையில் கிடக்கிறவரைத் திருப்பிப் படுக்கவைக்க யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அதைச் சொல்லிக்கொடுத்து, முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்து, அப்படியும் வரவில்லை என்றால்தான் சட்டம்.

கடைசியாக, என்னால் இன்றுவரை லேசாக எடுத்துக்கொள்ள முடியாத வேலை. விபத்தில் தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பத்தோடு உட்காருவது. 2011-ல் திருத்தப்பட்ட உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பு மாற்று மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர் கட்டாயம். அந்தப் பொறுப்பில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மூளைச்சாவை உறுதிசெய்ய நான்கு டாக்டர்கள் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கவேண்டும். அந்த ஆறு மணி நேரமும் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு ஒரே கேள்விதான்: "நெஞ்சு ஏறி எறங்குதே மேடம், எப்படி எறந்துட்டார்னு சொல்றீங்க?" வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுவதை எத்தனை முறை கேட்டாலும் அத்தனை முறையும் பொறுமையாகச் சொல்லவேண்டும். தானத்தைப் பற்றி, இறந்துவிட்டார் என்பதை அவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் பேச வேண்டும். வேண்டாம் என்றாலும் பிரேதப் பரிசோதனை, போலீஸ் காகிதம், வண்டி என்று எல்லாவற்றுக்கும் அதே அக்கறையோடு கூடவே நிற்கவேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் மூளைச்சாவு உறுப்பு தானம் ஒழுங்காக நடப்பதற்கு அறுவை சிகிச்சை நிபுணர்களோடு இந்த ஒருங்கிணைப்பாளர்களும் காரணம் என்று அடித்துச் சொல்வேன்.

தங்கைக்குத் தெரியவேண்டிய கசப்பான விஷயமும் உண்டு. அரசுத் திட்டங்களில் இந்த வேலைகளில் பல ஒப்பந்தத்தில்தான், தொகுப்பூதியம். நோயாளிகள் எண்ணிக்கைக்கு நாங்கள் இருக்கும் எண்ணிக்கை ஒன்றுமே இல்லை. இது மாறவேண்டும், மாறும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் படிப்பு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சென்னையில் 1952-லேயே சமூகப்பணிக்கென்று கல்லூரி தொடங்கிய ஊர் நம்முடையது, இதற்கு நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். வார்டில் உட்காரவைப்பதோடு நிறுத்தாமல், நோயாளிகளின் வீடு வரைக்கும் போகவிடுகிற இடமாக இருக்கவேண்டும்.