சாட்ஸ்வொர்த் மாளிகை: முகவருக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: லெஸ்டரில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் என் பெற்றோர் வருகிறார்கள். 28ஆம் தேதி அவர்களை டெர்பிஷையரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு அழைத்துப் போக ஆசை. குளிர்காலத்தில் இத்தகைய மாளிகைகளை மூடிவிடுவார்கள் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். ஒரு பயண முகவரோ, தன் பேருந்துப் பயணத்தோடு, பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டின் உறுப்பினர் அட்டையும் எடுத்துக்கொண்டால் உள்ளே கட்டணமே இல்லை என்கிறார். அம்மாவுக்கு மூட்டு வலி. என்னிடம் கார் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் அலுவலகத்தில் சொல்வது பாதி உண்மை, முகவர் சொல்வது முழுப் பொய். சாட்ஸ்வொர்த் வழக்கமாக நவம்பரிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை கிறிஸ்துமஸ் அலங்காரத்துடன் திறந்திருக்கும். அதன் பிறகு மார்ச் வரை கதவைச் சாத்திக்கொண்டு, திரைச்சீலைகளையும் தரைவிரிப்புகளையும் சரவிளக்குகளையும் துடைத்துப் பழுதுபார்ப்பார்கள். ஆகவே 28ஆம் தேதி பொருத்தமான நாள்தான். பயணத்தை ஜனவரி இறுதிக்குத் தள்ளினால் மட்டும் ஏமாற்றம். சீட்டில் தேதியோடு நுழையும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், பெற்றோர் விமானம் ஏறும் வரை காத்திராமல், மாளிகையின் சொந்த இணையதளத்தில் இன்றே பதிவு செய்யுங்கள்.

அட்டை விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். இங்கிலாந்தின் பழைய மாளிகைகள் எல்லாம் ஒரே துறையின் கீழ் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர். சாட்ஸ்வொர்த் டெவன்ஷையர் டியூக்குகள் என்ற பிரபுக் குடும்பத்தின் வீடு. 1950இல் பத்தாவது டியூக் காலமானபோது சொத்தின் மீது 80 விழுக்காடு மரண வரி விழுந்தது. அதைக் கட்ட அந்தக் குடும்பம் நிலங்களையும் ஓவியங்களையும் இழந்தது. அவர்களுடைய முன்னோரான பெஸ் ஆஃப் ஹார்ட்விக் கட்டிய ஹார்ட்விக் ஹால் அரசிடம் போய், 1959இல் நேஷனல் டிரஸ்டின் கைக்கு வந்தது. சாட்ஸ்வொர்த் மட்டும் தப்பி, 1981இல் தனி அறக்கட்டளையின் பொறுப்பாயிற்று. டியூக் குடும்பமே அங்கு வாடகை கொடுத்துத்தான் வசிக்கிறது. எனவே நேஷனல் டிரஸ்ட் அட்டை ஹார்ட்விக் ஹாலில் செல்லும், சாட்ஸ்வொர்த்தில் செல்லாது. ஹார்ட்விக் ஹாலுக்குச் சற்றுத் தள்ளியுள்ள போல்சோவர் கோட்டையைப் பார்த்துக்கொள்வது இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற மூன்றாவது அமைப்பு. ஒரே குடும்பத்தின் மூன்று கட்டடங்களுக்கு மூன்று நிர்வாகங்கள் என்றால் வெளியூர்க்காரருக்கு என்ன புரியும்? இதையெல்லாம் ஒரே பலகையில் எழுதிவைக்க இந்த நாட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. அந்தக் குழப்பத்தில்தான் முகவர்கள் பிழைக்கிறார்கள்.

பேருந்துப் பயணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நவம்பரில் இப்படி ஒரு முகவரிடம் ‘சாட்ஸ்வொர்த் நுழைவு உட்பட’ என்று பணம் கட்டிச் சென்றது. போய் இறங்கியது மாளிகைக்கு வெளியே நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தையில். அந்தச் சந்தைக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது; வண்டி நிறுத்தத்தான் காசு. மாளிகைக்குள் போகும் சீட்டு அவர்களிடம் இல்லை, அன்றைக்குச் சீட்டும் மிச்சமில்லை. நான்கு மணி நேரம் குளிரில் நின்று மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். எந்த முகவரானாலும் ‘மாளிகை, தோட்டம்’ என்ற இரண்டு சொற்களும் நுழையும் நேரமும் அச்சிட்ட சீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பவுண்டு கூடக் கொடுக்காதீர்கள்.

கார் இல்லாதது பெரிய குறையல்ல. லெஸ்டரிலிருந்து செஸ்டர்ஃபீல்டுக்கு நேரடி ரயில் உண்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து மாளிகை சுமார் 16 கிலோமீட்டர். ஆனால் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில், அதாவது ஊரே உறவினர் வீட்டுக்குக் கிளம்பும் வாரத்தில், ரயில்வேக்காரர்கள் தண்டவாளத்தைப் பழுதுபார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ரயில் சீட்டை வைத்துக்கொண்டு மாற்றுப் பேருந்தில் குலுங்கிப் போவது இங்கே ஆண்டுதோறும் நடக்கும் கூத்து. பயணத்துக்கு இரண்டு நாள் முன்பும் அன்று காலையிலும் கால அட்டவணையைப் பாருங்கள். செஸ்டர்ஃபீல்டிலிருந்து பேருந்து அந்த வாரத்தில் குறைவாகவே ஓடும் என்பதால், மூன்று பேருக்கு டாக்சியை முன்கூட்டியே பேசிவைப்பதே நல்லது.

உங்கள் தாயாருக்காக ஒன்று. பெரும்பாலான மாளிகைகளில் போலன்றி, இங்கே அரசர் வந்தால் தங்குவதற்கென்று கட்டிய ஆடம்பர அறைகள் இரண்டாம் மாடியில் இருக்கின்றன. பார்வையாளர் பாதை படிக்கட்டு வழியாகத்தான் போகிறது, ஆனால் மின்தூக்கியும் உண்டு. வாசலில் கேட்டால் ஊழியர் அழைத்துச் செல்வார். சக்கர நாற்காலி தேவைப்பட்டால் சீட்டுப் பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் கேட்டு உறுதி வாங்கிவிடுங்கள். பழைய துணிகளும் ஓவியங்களும் கெடாதிருக்க அறைகளில் வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள். அம்மாவின் கண்ணாடியை மறக்க வேண்டாம். வெப்பமும் வீட்டில் இருப்பதுபோல் இராது. கம்பளிச் சட்டையைக் கழற்ற அவசியம் வராது.

டிசம்பர் இறுதியில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆகவே காலைப் பதினொரு மணிக்குள் நுழையும் சீட்டை எடுத்து, மாளிகையை முடித்து, பழைய குதிரை லாயத்தில் உள்ள உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்குத் தோட்டத்தில் இருங்கள். ரஷ்யப் பேரரசர் நிக்கலஸ் வருவார் என்று இங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் 1844இல் முடித்த பெரிய நீரூற்று அங்கேதான் இருக்கிறது. மேட்டில் ஓர் ஏரியைத் தோண்டி, அதிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்தாலேயே அதைப் பீய்ச்சவைத்தார். பேரரசர் கடைசிவரை வரவில்லை. காற்று பலமாக இருந்தால் அதை நிறுத்திவிடுவார்கள் என்பதால், வாசலிலேயே கேட்டுக்கொண்டு நடங்கள். அம்மாவின் மூட்டுக்கு வீண் நடை மிச்சமாகும். திரும்பும் டாக்சியை மூன்றரை மணிக்கு வரச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு அந்தப் பூங்காவில் கைபேசி அலைவரிசையை நம்பி நிற்க வேண்டாம்.