85 ஆயிரம் சம்பளத்துக்கு ராஜபாளையத்தை விட்டு பெங்களூருக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 35. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் 4 வருடம் 3 மாதமாக வேலை செய்கிறேன். அதற்கு முன் சிவகாசியில் 6 வருடம். அடிப்படைச் சம்பளம் 20,000. கைக்கு 38,000 ரூபாய் வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. 14,000 சம்பளம், மாலை டியூஷனில் 5,000. அப்பா கட்டிய வீடு, வாடகை இல்லை. அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு, பி.எஃப் ஓய்வூதியம் 2,300 ரூபாய். அம்மாவுக்கு 63. மகள் ஜூனில் ஒன்றாம் வகுப்பு போகிறாள்.

வீட்டுச் செலவு 26,000, பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 3,000, எல்.ஐ.சி. 2,500, நகைக் கடன் (3 லட்சம்) வட்டி 2,300, மருந்து 3,500. வங்கியில் 2 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. சி.எம்.ஏ. (செலவுக் கணக்காளர்) படிப்பின் ஃபைனலில் ஒரு குரூப் பாக்கி.

பெங்களூரு பீனியாவில் ஒரு ஏற்றுமதி நிறுவனம் ஆண்டுக்கு 10.2 லட்சம் தருகிறது. அதாவது மாதம் 85,000. அங்கே வாடகை, பராமரிப்பு சேர்த்து 20,000, பள்ளிக் கட்டணம் 1.1 லட்சம் என்கிறார்கள். 12 லட்சம் கொடுத்தால் வாடகையே இல்லாமல் லீஸுக்கு வீடு கிடைக்குமாம். இங்கே எங்கள் 5 சென்ட் மனையை ஒரு சொந்தக்காரர் 14 லட்சத்துக்குக் கேட்கிறார். விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போய்விடலாமா? மனைவி, "நீங்க என்ன சொன்னாலும் சரி" என்கிறார். ஒரு மாதத்தில் சேர வேண்டும்.

பதில்: குடும்பத்தோடு, இந்தச் சம்பளத்துக்கு, இப்போது போக வேண்டாம். மனையையும் விற்க வேண்டாம். ஆனால் வேலையை வேண்டாம் என்று எழுதிவிடவும் அவசரப்படாதீர்கள். நீங்கள் கேட்காத ஒரு வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 85,000-த்தைப் பிரித்துப் பார்ப்போம்.

10.2 லட்சம் என்பது நிறுவனத்துக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. அத்தனையும் கைக்கு வராது. இதுபோன்ற ஆஃபர்களில் 10 சதவிகிதம் 'வேரியபிள்' என்று இருப்பது வழக்கம். ஆண்டு முடிவில், மேலாளர் மனது வைத்தால், நிறுவனம் லாபம் பார்த்தால் வருவது. அதற்கு 8,500-ஐக் கழியுங்கள். அடிப்படைச் சம்பளம் பாதி, 42,500 என்று வைத்தால், நிறுவனத்தின் பி.எஃப் பங்கு 5,100, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்குவது சுமார் 2,050, இரண்டும் இந்த 10.2 லட்சத்துக்குள்ளேயே இருக்கும். பிறகு உங்கள் பி.எஃப் பங்கு 5,100, கர்நாடகத் தொழில் வரி 200. கைக்கு வருவது ஏறக்குறைய 64,000. வருமான வரி பற்றிக் கவலை இல்லை. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி கிடையாது. அதே காரணத்தால், வாடகை ரசீது காட்டினால் வரி மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் அதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி செலவு. வாடகை 20,000. மூன்று பேர் சாப்பாடு, கரண்ட், கேஸ், போன் எல்லாம் 22,000. பள்ளிக்கு மாதம் 9,200, வேன் 2,000. நீங்கள் வேலைக்குப் போய்வர 3,000. வருடத்துக்கு ஐந்து தடவை ஊருக்கு வந்துபோவதை மாதக் கணக்கில் பிரித்தால் 2,500. எல்.ஐ.சி.யும் நகை வட்டியும் உங்களோடு பெங்களூருக்கு வரும், 4,800. ராஜபாளையத்தில் அம்மா அப்பா இருவருக்கும் தனிக் குடித்தனமாகிவிடுவதால் 12,000-மாவது வேண்டும், மருந்து 3,500. கூட்டினால் 79,000. வருவது 64,000.

மாதம் 15,000 துண்டு விழுகிறது. இப்போது எவ்வளவு மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை; உங்கள் கணக்குப்படி 19,700. மொத்தமே 57,000 வரும் வீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சுகிறது என்றால், அது எத்தனை கட்டுசெட்டான குடும்பம் என்று எனக்குப் புரிகிறது. அதற்குக் காரணம் வாடகை இல்லாத வீடும் உங்கள் மனைவியின் 19,000-மும். பெங்களூருக்குக் குடும்பத்தோடு போனால் இரண்டும் ஒரே நாளில் போய்விடும். உங்கள் கேள்வியில் அவருடைய சம்பளம் போவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தயவுசெய்து அதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பி.எஃப் என்பதும் சேமிப்புதான். இங்கே 15,000 ரூபாய் வரம்புக்குக் கணக்கிட்டு இரு பங்கும் சேர்த்து 3,600 போகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே 10,200 போகும். ஆக, இப்போதைய மொத்தச் சேமிப்பு 23,300. அங்கே பி.எஃப்-ஐச் சேர்த்தாலும் 4,800 பள்ளம். வேரியபிள் முழுதாக வந்து, மனைவிக்கு 20,000 சம்பளத்தில் வேலையும் கிடைத்தால் சேமிப்பு 23,700 ஆகும். எல்லாம் கூடி வந்தால்கூட இன்று நிற்கும் இடத்தில்தான் நிற்பீர்கள்.

அப்படியானால் யாருமே ஊரைவிட்டுப் போகக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். 35 வயதில் இடம் மாறுவது பெரும்பாலும் அடுத்த சம்பளத்துக்காகத்தான். முதல் இரண்டு வருடம் கையைக் கடிப்பதும் சகஜம். ஏற்றுமதிக் கணக்கு, அந்நியச் செலாவணி, ஜி.எஸ்.டி. ரீஃபண்ட், எஸ்.ஏ.பி. மென்பொருள், இவற்றில் நேரடி அனுபவம் கிடைக்கிற நாற்காலி என்றால் மூன்று வருடத்தில் உங்கள் மதிப்பே வேறு. வவுச்சர் போட்டு, பேங்க் டேலி பார்க்கிற அதே வேலை என்றால் ஊர் மட்டும்தான் மாறுகிறது. நேர்காணலில் அவர்கள் உங்களிடம் கேட்ட கேள்விகளை நினைத்துப் பாருங்கள், எந்த நாற்காலி என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது நீங்கள் கேட்காத வழி. ஒரு கல்வி ஆண்டுக்கு மட்டும் நீங்கள் தனியாகப் போவது. சாப்பாட்டோடு தனி அறை பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) 12,000, போக்குவரத்து 2,000, கைச்செலவு 4,000, மாதம் ஒரு தடவை ஊர் 2,500. இவை போக 43,500 வீட்டுக்கு அனுப்பலாம். மனைவியின் 19,000 நிற்காது. வீட்டில் ஓர் ஆள் குறைவதால் மொத்தச் செலவு 35,300 ஆகும். மிச்சம் 27,200, பி.எஃப் சேர்த்தால் 37,400. இன்றைவிட மாதம் 14,000 அதிகம். அந்த 27,200-ஐ அப்படியே ஒதுக்கினால் 12 மாதத்தில் 3.26 லட்சம். நகைக் கடன் முழுவதும் அடைந்து, நகை வீட்டுக்கு வந்துவிடும். வருட முடிவில் சம்பளம் உயர்ந்ததா, வேலை நிலைத்ததா, நிறுவனம் எப்படி என்று தெரிந்த பிறகு குடும்பத்தை அழைப்பதா, நீங்கள் திரும்புவதா என்று முடிவு செய்யலாம்.

பணக் கணக்கில் இது வெல்கிறது. ஆனால் இந்த 14,000-த்தைச் சம்பாதித்துக் கொடுப்பதில் பாதி உழைப்பு உங்கள் மனைவியுடையது. காலையில் பள்ளி, மாலையில் டியூஷன், நடுவில் குழந்தை, மாமனாரின் சர்க்கரை மாத்திரை, இரவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடிப்பது, எல்லாம் அவர் தலையில். "நீங்க என்ன சொன்னாலும் சரி" என்று சொல்பவரிடம் மறுபடி கேளுங்கள். அனுமதியாகக் கேட்காமல், "உன்னால் எது முடியும், எது முடியாது" என்று கேளுங்கள். வீட்டு வேலைக்கு ஆள் வைக்க 3,000 ஆகும் என்றால் அதைத் தயங்காமல் இந்தப் பணத்திலிருந்தே கொடுங்கள். அவர் முடியாது என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள். நான் வற்புறுத்த மாட்டேன். எவ்வளவு நாள் என்பதையும் முன்பே தேதி போட்டுப் பேசிவிடுங்கள். முடிவு தேதி இல்லாமல் பிரிந்திருந்து, 'அடுத்த வருடம்' என்று தள்ளிக்கொண்டே போகும் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன்.

லீஸ் வீடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாந்தால் மீள்வது கடினம். 12 லட்சத்தை மொத்தமாக ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது ஒரு ஒப்பந்தத் தாள். அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, உரிமையாளர் தவணை கட்டாமல் விட்டால் வங்கிக்குத்தான் முதல் உரிமை. ஒப்பந்தம் போடுபவர் உரிமையாளரே இல்லாமல் நடுவில் இருக்கும் ஏஜென்ட்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். காலம் முடிந்து நீங்கள் காலி செய்யும்போது அவரிடம் 12 லட்சம் இருக்க வேண்டுமே! பெரும்பாலும், அடுத்து குடிவருபவர் கொடுத்தால்தான் உங்களுக்குத் தருவார்கள். மனையை விற்ற பணத்தை இதில் போடுவது, குடும்பத்தின் ஆயுள் உழைப்பை முகம் தெரியாத ஒருவருக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுப்பது. வாடகை வீடே போதும். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பழைய பழக்கம். பேசினால் ஐந்தாறு மாதத்துக்கு இறங்குவார்கள். ஆறு மாதம் என்றாலும் ஒரு லட்சத்துக்கு மேல். தரகர் கமிஷன், பள்ளிச் சேர்க்கைக் கட்டணம், சாமான் ஏற்றும் லாரி என்று பார்த்தால் உங்கள் 2 லட்சம் எஃப்.டி. முதல் மாதமே காலி. அவசரத்துக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் புது ஊரில் நிற்க வேண்டிவரும். குடும்பத்தோடு இப்போது போக வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மகளைப் பற்றி. கர்நாடகத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே கன்னடம் ஒரு மொழியாக உண்டு. குழந்தைகள் அதை எளிதில் கற்றுவிடுவார்கள். சிக்கல் திரும்பி வரும்போதுதான். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். நான்கைந்து வருடம் கழித்து ஆறாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் வகுப்பில் உட்கார நேரிடும். குடும்பத்தோடு போனால், தினம் அரைமணி நேரமாவது வீட்டில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். ஆசிரியை வீட்டிலேயே இருக்கிறார்.

அப்பா அம்மா மருத்துவச் செலவு. புது நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோர் சேர்க்கப்படுவார்களா, சர்க்கரைக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். உண்டு என்றால் அதன் மதிப்பு வேரியபிளைவிட அதிகம். ஆனால் வேலையை விட்டால் அதுவும் நின்றுவிடும் என்பதால் தனி பாலிசி ஒன்று வேண்டும். 2024 ஏப்ரல் முதல் 65 வயது வரம்பு நீக்கப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 3 ஆண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் இதை இந்த மாதமே விசாரியுங்கள். சர்க்கரை இருப்பதை விண்ணப்பத்தில் மறைக்கவே வேண்டாம்.

கிராஜுவிட்டிக்கு 5 வருடம் முடிய 9 மாதம் இருக்கிறது. இப்போது விட்டால் சுமார் 57,700 ரூபாய் போகும். வருத்தம்தான், ஆனால் இதற்காக மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. "இவ்வளவு இழந்து வருகிறேன்" என்று சொல்லி சேரும் போனஸாகக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. பி.எஃப் பணத்தை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். சிவகாசியிலும் பி.எஃப் பிடித்து, அதை எடுக்காமல் இருந்தால், இரண்டையும் சேர்த்து 10 ஆண்டு சேவை தாண்டிவிடுவதால் ஓய்வூதியத் தகுதி இருக்கும். அப்பாவுக்கு வரும் 2,300 சின்னத் தொகைதான். ஆனால் மாதா மாதம் அவர் கைக்கே வருகிறது.

குடும்பத்தோடுதான் போவேன் என்றால் எவ்வளவு கேட்க வேண்டும்? 12.5 லட்சம். அப்போது கைக்கு 78,500 வரும், மனைவிக்கு அங்கே 20,000-த்தில் வேலையும் உறுதியானால், கையில் மிஞ்சுவது இன்றைய 19,700-ஐ ஒட்டியே இருக்கும், பி.எஃப்-இல் சேர்வது அதற்கு மேல். அதற்குக் குறைந்தால் வேண்டாம். இன்னொரு பாதையும் திறந்திருக்கிறது. பாக்கி இருக்கும் ஒரு குரூப்பை முடித்த சி.எம்.ஏ.வாக அடுத்த ஆஃபரைப் பேசுங்கள். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் நூற்பாலையும் பின்னலாடையும் தெரிந்த கணக்காளருக்கு வேலை உண்டு. அங்கே மகளுக்கும் மனைவிக்கும் மொழி தடையில்லை, அப்பாவுக்கு ஒன்று என்றால் அன்றைக்கே வீடு வந்து சேரலாம். பெங்களூரிலிருந்து அவ்வளவு எளிதில் வர முடியாது. மதுரைக்கு 2024 ஆகஸ்ட் முதல் வந்தே பாரத் ஓடினாலும், மதுரையில் இறங்கி இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, திறந்ததும் தீர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது ஆம்னி பஸ் கட்டணம்.

இந்த வாரம் அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: சம்பளப் பிரிவு விவரம், வேரியபிள் கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை சதவிகிதம் தரப்பட்டது, பி.எஃப் எந்தத் தொகைக்குக் கணக்கிடுவார்கள், காப்பீட்டில் பெற்றோர் உண்டா, சேர இரண்டு மாதம் அவகாசம் கிடைக்குமா. மகளை ஜூனில் ராஜபாளையத்துப் பள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள். பைக்கை ஊரிலேயே விட்டுப் போங்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்து அங்கே சாலை வரி கட்ட வேண்டும், கர்நாடகத்தில் அந்த வரி அதிகம். பதில் வந்ததும் சம்பளப் பிரிவுப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். மேலே நான் போட்ட 42,500-ம் 8,500-ம் என் அனுமானம். உண்மையான எண்களை வைத்துக் கணக்கைத் திருத்தி எழுதுகிறேன்.