பம்பிங் குறைந்த அப்பாவுக்கு ஸ்கோர் 5: மாத்திரை வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தது. இப்போது இதயத்தின் பம்பிங் (ரத்தத்தை வெளியே தள்ளும் திறன்) 30 சதவீதம்தான் என்கிறார்கள். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இணையத்தில் விவரங்களைப் போட்டுப் பார்த்தேன், பக்கவாத அபாய ஸ்கோர் 5 என்று வந்தது. டாக்டரோ ஆஸ்பிரின் மட்டும்தான் கொடுத்திருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரை கேட்டு வாங்கட்டுமா?

பதில்: கூட்டல் சரிதான். நீங்கள் பார்த்தது சாட்ஸ்-வாஸ்க் ஸ்கோர். இதயச் செயலிழப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய மாரடைப்பு, 65 முதல் 74 வரையிலான வயது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ஆனால் இந்த ஸ்கோர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு இருப்பவர்களுக்காக உருவாக்கப்பட்டது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அது இருக்கிறதா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

இந்தக் கோளாறில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். ரத்தம் தேங்கி, இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் கட்டியாக உறையும். அது பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அப்பாவுக்கு இது இருந்தால், 5 என்ற ஸ்கோருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை அவசியம். ஆஸ்பிரின் அதற்கு ஈடாகாது.

சரி, துடிப்பு சீராக இருந்தால்? 2012-இல் வெளிவந்த வார்செஃப் ஆய்வு இதே கேள்வியைத்தான் கேட்டது. பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள, துடிப்பு சீரான 2,305 பேரில் ஒரு பாதிக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், மறு பாதிக்கு ஆஸ்பிரின். அடைப்பால் வரும் பக்கவாதம் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் ஆண்டுக்கு 100 பேருக்கு 1.36, வார்ஃபரின் எடுத்தவர்களில் 0.72. ஏறக்குறைய பாதி! ஆனால் பெரிய ரத்தக்கசிவு 0.87-இலிருந்து 1.78 ஆக ஏறிவிட்டது. கூட்டிக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. 2018-இல் ரிவரோக்சபான் என்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்த கமாண்டர் ஆய்விலும் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. அதனால் துடிப்பு சீரானவர்களுக்கு ஸ்கோரை மட்டும் பார்த்து இந்த மாத்திரையைத் தொடங்குவதில்லை. உங்கள் டாக்டர் அலட்சியமாக இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

அதற்காக அபாயமே இல்லை என்று அர்த்தமில்லை. இதயம் பலவீனமானவர்களில், முன்பே பக்கவாதம் வந்தவர்கள், இன்சுலின் போடுபவர்கள், சிறிது நடந்தாலே மூச்சு வாங்குபவர்கள் ஆகியோருக்கு அது கூடுதல். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். எக்கோ ஸ்கேனில் இடது கீழறையின் நுனியில் ரத்தக்கட்டி இருக்கிறதா? மாரடைப்பில் அந்தப் பகுதி செயலிழந்தவர்களுக்கு அங்கே கட்டி உண்டாகலாம். இருந்தால் துடிப்பு எப்படி இருந்தாலும் மாத்திரை தேவைப்படும். இரண்டாவது, ஹோல்டர் என்ற நீண்ட நேர இசிஜி பதிவு எடுக்கலாமா? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து வந்து போகும். சில விநாடி இசிஜியில் சிக்காதது 24 மணி நேரப் பதிவிலோ இன்னும் நீண்ட பதிவிலோ சிக்கலாம். பேஸ்மேக்கர் மாதிரி கருவி பொருத்தியிருந்தால் அதன் பதிவையே பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டிலும் ஒரு வேலை உண்டு. தினமும் ஒரு நிமிடம் அப்பாவின் நாடியைப் பிடித்துப் பாருங்கள். தாளம் தப்பித் தப்பி, எந்த ஒழுங்கும் இல்லாமல் அடித்தால் அன்றைக்கே இசிஜி எடுங்கள். பிரஷர் மாத்திரையைத் தவற விடாமல் பார்த்துக்கொள்வதும் பக்கவாதத்தைத் தள்ளிப்போடுகிற வேலைதான். ஆஸ்பிரினோடு வேறு மாத்திரையை நீங்களாகச் சேர்க்காதீர்கள், ரத்தக்கசிவு அபாயம் ஏறும்.

ஒருவேளை திடீரென்று வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். அப்பா கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.