சாசரின் பார்டனர் பாவத்தையா மன்னித்தார்?

இல்லை, ஆங்கிலக் கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலில் மன்னிப்புச் சீட்டு விற்றுத் திரியும் பார்டனருக்கு அந்த அதிகாரமே கிடையாது. "குருவாக இல்லாதவர் பாவமன்னிப்பை எப்படி விற்கிறார்?" என்று நீங்கள் கேட்டதற்குப் பதில், அவர் விற்றது பாவமன்னிப்பே இல்லை.

குழப்பம் பெரும்பாலும் 'pardon' என்பதை 'மன்னிப்பு' என்று மொழிபெயர்ப்பதால் வருவது. அன்றைய திருச்சபைக் கணக்கில் குற்றம் வேறு, தண்டனை வேறு. குற்றம் தீர குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதாவது பாவங்களைச் சொல்லி அறிக்கையிட வேண்டும்; வருடத்துக்கு ஒரு முறையாவது செய்தே ஆக வேண்டும் என்று 1215-இல் திருச்சபையின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் தண்டனையை, அதாவது இறந்தபின் ஆன்மா தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கழிக்க வேண்டியதை, குறைப்பதுதான் பார்டனர் விற்ற சீட்டு. தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'பலன்' என்பார்களே, அதேதான்.

சரி, இதைச் சரிபார்க்க பார்டனரின் சொந்த முன்னுரையை மறுபடி படியுங்கள். பாப்பரசரின் ஓலை தந்த அதிகாரத்தால் தானே பாவத்தை விடுவிப்பதாகச் சொல்லி ஊரை ஏய்க்கிறார். பிறகு கதை முடிவுக்குப் போங்கள்: கிறிஸ்துவின் மன்னிப்பே சிறந்தது, உங்களை ஏமாற்ற மாட்டேன் என்கிறார், அடுத்த மூச்சிலேயே காசு கேட்கிறார்! சாசர் அந்த வித்தியாசம் தெரிந்துதான் விளையாடுகிறார். புனிதப் பொருள் என்று காட்ட, கண்ணாடிக் குப்பியில் பன்றி எலும்பு வேறு.

ஒன்று மட்டும்: இவரை வைத்து எல்லா பார்டனர்களையும் திருடர்கள் என்று எழுதிவிடாதீர்கள். ஆயரின் அனுமதியோடு மருத்துவமனைக்கும் பாலத்துக்கும் நிதி திரட்டியவர்களும் இருந்தார்கள். ஆனால் முறைகேடு நிஜம்தான், 1562-இல் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் அந்தப் பதவியையே ஒழித்தது.