சூடு கண்ட செல்

அன்புள்ள ஐயா,

பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். அமெரிக்க உயிரியலாளர் சூசன் லிண்ட்குவிஸ்ட் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். முதலில் கொஞ்சம் சூடுபட்ட செல், பிறகு வரும் பெருஞ்சூட்டைத் தாங்கிவிடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் ‘கஷ்டப்பட்டால்தான் உறுதி வரும்’ என்று பெரியவர்கள் சொல்வது அறிவியல்படியும் சரிதானே? மாணவர்களிடம் இதைச் சொல்லலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சொல்லவேண்டாம். தவறு உங்களுடையதல்ல. செல் தாங்கியதை எழுதிய நான், அதற்காக அது எதையெல்லாம் நிறுத்திவைத்தது என்பதை எழுதாமல் விட்டேன்.

இத்தாலியில் மரபியலாளர் ரிடோசாவின் ஆய்வகத்தில் யாரோ இன்குபேட்டரின் சூட்டை ஏற்றிவிட்டார்கள். பழ ஈப் புழுக்களின் குரோமோசோம்களில் வழக்கமில்லாத இடங்கள் வீங்கின. வீங்கிய இடத்தில் மரபணு மும்முரமாக வேலைசெய்கிறது என்று பொருள். பிரபலமான ஓர் ஆய்விதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1962-இல் வேறு இதழில் வந்தது. அந்த மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் 1974-இல்தான் கண்ணில் பட்டன. ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த லிண்ட்குவிஸ்ட் பிடித்துக்கொண்ட நூல்முனை இதுதான்.

அவர் ஈயின் செல்களில் கண்டது இது. சூடு ஏறியதும் செல் தன் வழக்கமான புரதத் தயாரிப்பை ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிடுகிறது. வீட்டில் யாருக்காவது திடீரென்று முடியாமல் போனால் அடுப்பில் இருப்பதை அப்படியே இறக்கிவைத்துவிட்டு ஓடுவோமே, அந்த மாதிரி. புரதம் செய்வதற்கான குறிப்பை மரபணுவிலிருந்து எடுத்துவரும் பழைய தூது ஆர்என்ஏக்கள் அழிவதில்லை, ஓரமாகக் காத்திருக்கின்றன. சூடு தணிந்ததும் மீண்டும் அடுப்பேறுகின்றன. இதை உறுதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெருக்கடி நிர்வாகம், அவ்வளவுதான்.

பிறகு சிகாகோவில், பலர் எச்சரித்தும், ஈயை விட்டு ஈஸ்ட்டுக்கு மாறினார். 25 டிகிரியில் வளர்ந்த ஈஸ்ட்டை நேரே 50 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் செத்துவிடும். நடுவில் அரைமணி நேரம் 37 டிகிரியில் வைத்திருந்தால் நிறைய பிழைக்கும். நீங்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தை. ஆனால் ஹெச்எஸ்பி104 என்ற ஒரே ஒரு புரதத்தின் மரபணுவை நீக்கிவிட்டால் அந்த அரைமணி நேரப் பழக்கம் பெரிதாக உதவுவதில்லை என்று 1990-இல் அவர் குழு காட்டியது. அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போலக் கட்டிதட்டிப்போன புரதங்களைப் பிரித்து இழுத்துவிடுவது இதன் வேலை. விலங்குகளிடம் இந்தப் புரதம் கிடையாது. ஈஸ்ட்டின் கதையை அப்படியே மனிதனுக்கு நீட்ட முடியாததற்கு இது ஒன்றே போதும்.

இன்னொன்றும் உண்டு. சூடுபட்டதும் செல் உருவாக்கும் இந்தப் புரதங்களுக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர். நம் செல்களில் அவற்றை முடுக்கிவிடும் காரணியின் பெயர் ஹெச்எஸ்எஃப்1. அது இல்லாத எலிகளுக்குப் புற்றுக்கட்டிகள் குறைவாகவே வந்தன என்று 2007-இல் அதே லிண்ட்குவிஸ்ட் குழு எழுதியது. புற்றுக்கட்டியின் செல்லும்கூட ஓயாத நெருக்கடியில் வாழ்கிற செல்தான். அதே பாதுகாப்பில்தான் அதுவும் தப்பிக்கிறது.

2016-இல் லிண்ட்குவிஸ்ட் புற்றுநோயால் இறந்தார். கட்டுரையில் அதையும் விட்டுவிட்டிருந்தேன்.